வால்வ் எங்கை கிடக்கு, தம்பி?

தம்பி, ரொறன்ரோவுக்குப் பக்கத்திலை ஏஜக்ஸிலை ரவுண்ஹவுஸ், அதுதான் சுவரோடை சுவர் ஒட்டின வரிசை வீடு ஒண்டு வாங்கியிருக்கிறீர், ஐப்பசிக் கடைசியிலை திறப்பு கைக்கு வருது எண்டு எழுதியிருந்தீர். சந்தோசம். வந்து நாலு வருசத்திலை வீடு எண்டால் லேசுப்பட்ட காரியமில்லை. அதோடை ஐஞ்சு கேள்வியும் கேட்டிருந்தீர். ரொய்லெற்றிலை கழுவுற ஹோஸை நானே கொழுவலாமோ, பிளம்பர் அதுக்கு 250 டொலர் கேக்கிறார் நியாயமோ, குசினிக்குத் தண்ணி திறந்து பூட்டுற பைப் எந்தக் கொம்பனி நல்லது, பேஸ்மென்றிலை குளியலறை ஒண்டு கட்டி வாடகைக்கு விடலாமோ, மாறாத வட்டியோ மாறுற வட்டியோ எடுக்கிறது.

வட்டியைப் பற்றி என்னட்டைக் கேளாதேயும், அதிலை நான் ரெண்டு தரம் பிழைவிட்ட ஆள். குசினிப் பைப் எதை வாங்கினாலும் தண்ணி வரும். மனுசிக்குப் பிடிச்சதை வாங்கும்.

நீர் கேக்காத ஒண்டைத்தான் நான் முதல் கேக்கப் போறன். அந்த வீட்டுக்கு வாற தண்ணியை முழுக்கப் பூட்டுற பிரதான வால்வ் எங்கை கிடக்கு எண்டு பாத்தனீரோ? வீடு பாக்கப் போன அண்டைக்கு அலுமாரி எத்தினை, கிறனைற் என்ன நிறம், கோயில் எவ்வளவு தூரம் எண்டெல்லாம் வடிவாப் பாத்திருப்பீர். நானும் அப்பிடித்தான் பாத்தனான்.

நாங்கள் ஸ்காபரோவிலை வீடு வாங்கினது 1999. எழுபதுகளிலை கட்டின வீடு. பின்பக்கச் சுவரிலை இருக்கிற பைப் குளிருக்கு உறையாத வகை, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு முகவர் பெருமையாச் சொன்னார். நானும் நம்பி, பச்சை ஹோஸை அதிலையே கொழுவினபடி விட்டிட்டன். பனி கொட்டி மூடினது. பங்குனியிலை கரைஞ்சது. வைகாசி நீண்ட வார இறுதியிலை கறிவேப்பிலைச் சாடியளை வெளியிலை தூக்கி வைச்சு, பைப்பைத் திறந்து ஹோஸாலை தண்ணி விட்டுக்கொண்டு நிண்டன். தண்ணி கொஞ்சம் மெலிஞ்சுதான் வந்தது. பக்கத்து வீட்டிலையும் ஆரோ திறந்திருக்கினமாக்கும் எண்டு நினைச்சன், ஏதோ ஊர்ப் பொதுப் பைப்பிலை வரிசையிலை நிக்கிற மாதிரி. பத்து நிமிசத்தாலை கீழையிருந்து மனுசி கத்திற சத்தம் கேட்டது.

பேஸ்மென்ற் சுவருக்குள்ளாலை தண்ணி. கம்பளம் முழுக்க ஊறி, ஊரிலையிருந்து வந்த அல்பங்கள் இருந்த பெட்டி நனையுது. நான் ஹோஸை அப்பிடியே புல்லுக்குள்ளை எறிஞ்சிட்டுக் கீழை ஓடினன். வால்வைத் தேடுறன், தேடுறன், காணேல்லை. மனுசி வாளியோடை நிக்கிறா, பெடியன் 911க்கு அடிக்கட்டோ எண்டு கேக்கிறான். அப்பதான் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவர், அந்த மனிசன் நாப்பது வருசம் கட்டட வேலை செய்தவர், வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்திட்டு ஆறுதலா நடந்து வந்து, வெளியிலை நான் திறந்து விட்ட பைப்பைப் பூட்டினார். ஒழுக்கு நிண்டிட்டுது!

அந்த வெட்கத்தை விடும், காரணத்தைக் கேளும். உறையாத பைப்பிலை தண்ணியை அடைக்கிற வாய் வெளியிலை இல்லை, ஒரு அடி தள்ளி வீட்டுச் சூட்டுக்குள்ளை இருக்கு. பூட்டின உடனை மிச்சத் தண்ணி வெளியாலை வடிஞ்சிடவேணும், அதுதான் அதின்ரை வித்தை. ஹோஸ் கொழுவியிருந்தால் வடியாது. தண்ணி ஐஸாகேக்கை கிட்டத்தட்ட 9 வீதம் பருக்கும், செப்புக் குழாய் அதைத் தாங்காது, வெடிக்கும். வெடிச்ச இடம் அடைக்கிற வாய்க்கு வெளியிலை எண்டபடியால் மாரி முழுக்க ஒரு சொட்டும் ஒழுகாது. கோடையிலை நீர் திறக்கிற அண்டைக்குத்தான் சுவருக்குள்ளை பாயும். சாதாரண பைப் எண்டால் இன்னும் மோசம், ஐஸ் இளகின உடனை, நீர் வேலையிலை நிக்கேக்கை பாயும்.

ஆனபடியால், உமக்குத் திறப்பு கிடைக்கிற நேரமும் சரியா உறைபனி தொடங்கிற நேரம். முதல் ஹோஸைக் கழட்டும், உறையாத பைப்பெண்டாலும் கழட்டும். பேஸ்மென்றுக்குள்ளை அந்தக் குழாய்க்கெண்டு ஒரு சின்ன வால்வ் இருக்கும், அதைப் பூட்டும். வெளியிலை போய்ப் பைப்பைத் திறந்து வடிய விடும். திரும்ப உள்ளை வந்து, அந்த வால்வின்ரை பக்கத்திலை ஒரு குட்டி மூடி இருந்தால் கோப்பை ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு அதைத் தளர்த்தும், மிச்சமும் வரும். பேந்து மூடியை இறுக்கும். வெளிப் பைப்பை மாரி முழுக்கத் திறந்தபடியே விடும். எல்லாம் பத்து நிமிச வேலை.

பிரதான வால்வுக்கு வாறன். அண்டைக்குக் கிழவர் கீழை வந்து கேட்ட முதல் கேள்வியும் அதுதான். கடைசியிலை சாமியறையிலை, நான் பிள்ளையாருக்கு அடிச்ச தட்டுக்குப் பின்னாலை கிடந்தது. வட்டச் சில்லு வைச்ச பழைய வகை, இருபத்தைஞ்சு வருசம் ஆரும் தொடாமல் இறுகிப்போய். நான் ஸ்பானரைக் கொழுவி முறுக்கப் போக என்ரை கையிலை அடிச்சார். இறுகின வால்வை முறுக்கினால் தண்டு முறியும், பிறகு நகரசபை வந்து தெருவிலை பூட்டும் மட்டும் நீந்தவேண்டியதுதான். உம்மடை வீட்டிலை பெரும்பாலும் தண்ணி மீற்றருக்குக் கிட்ட, தெருப்பக்கச் சுவரோடை இருக்கும். நீட்டுக் கைபிடி வைச்சதெண்டால் நல்லம்: குழாயோடை நேரா நிண்டால் திறந்திருக்கு, குறுக்கை நிண்டால் பூட்டு. சில்லெண்டால் மணிக்கூட்டுக் கம்பி ஓடுற பக்கம் திருப்பவேணும். வருசத்திலை ரெண்டு தரம் பூட்டித் திறந்து பழக்கும். மனுசிக்கும் பிள்ளையளுக்கும் காட்டும். அதுக்கு முன்னாலை அரிசி மூட்டை அடுக்காதேயும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், எங்கடை தலைக்குள்ளை இருக்கிறது ஊர்த் தண்ணி. யாழ்ப்பாணத்திலை கிணறு, மோட்டர், மேலை ஒரு தாங்கி. தாங்கி இருபது அடி உயரத்திலை நிண்டாலும் கீழை வாற அழுத்தம் 9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தினை இறாத்தல் எண்ட அளவு) கூட இல்லை. ஒழுகினாலும் தாங்கி முடிய நிண்டிடும், முத்தத்து வாழைக்கும் உதவும். இஞ்சை 50, 60 பிஎஸ்ஐயிலை வருது. பின்னாலை நிக்கிறது ஒன்ராறியோ ஏரி, அது முடியாது.

இனி உம்மடை கழுவுற ஹோஸ். ஓம், நீரே கொழுவலாம். ரொய்லெற்றுக்குக் கீழை இருக்கிற சின்ன வால்வைப் பூட்டி, ஒருக்கா ஃப்ளஷ் பண்ணி, தாங்கிக்குப் போற ஹோஸைக் கழட்டி, நடுவிலை அந்த மூண்டு வாய்ப் பித்தளையை வைக்கிறதுதான் வேலை. ரப்பர் வாசர் இருக்கிற இடத்திலை வெள்ளை ரேப் சுத்தாதேயும், அங்கை அடைக்கிறது ரப்பர், ரேப் குழப்பும். தாங்கியின்ரை புரி பிளாஸ்ரிக். கையாலை இறுக்கி அதுக்கு மேலை கால் சுத்து, அவ்வளவுதான். பலம் காட்டினால் வெடிக்கும்.

ஆனால் எங்கடை ஆக்கள் விடுற பிழை கொழுவிறதிலை இல்லை. கழுவின பிறகு கைபிடியை விட்டிட்டு எழும்பிப் போறதுதான் பிழை. அந்த மூண்டு வாய்க்கும் ஒரு குட்டி வால்வ் இருக்கு, அதை ஒவ்வொரு முறையும் பூட்டவேணும். பூட்டாட்டில் அந்த மலிவு ஹோஸ் இரவு பகலா முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு நிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் கலியாணத்துக்கு மொன்றியல் போன நேரம் மேல்மாடியிலை அது பிஞ்சு, குசினிச் சீலிங் சாப்பாட்டு மேசையிலை கிடந்தது. வாங்கேக்கை ஸ்டீல் பின்னின ஹோஸா வாங்கும். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கும் அதுதான்.

பயணம் எண்டோடனை இன்னொண்டு. மார்கழியிலை ஊருக்குப் போவீர், எல்லாரும் போறதுதானே. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியும். இஞ்சை கனக்கப் பத்திரத்திலை, குளிர் காலத்திலை நாலு நாளுக்கு மேலை வீட்டிலை இல்லாமல், தண்ணியையும் பூட்டாமல், ஒருத்தரும் நாள்தோறும் வந்து பாக்காமல் விட்டால், உறைஞ்சு வெடிச்சதுக்குக் காசு இல்லை எண்டு எழுதிக் கிடக்கும். நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சிட்டு வந்து பாத்தால் வீடு குளமாக் கிடக்கும். பிரதான வால்வைப் பூட்டி, பைப்புகளைத் திறந்து வடிய விட்டு, வீட்டைச் சூடாக்கிற ஹீற்றரை நிப்பாட்டாமல் போம். மின்சாரக் காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டுப் போன கெட்டிக்காரரும் எங்களுக்குள்ளை இருக்கினம்.

உறைஞ்சே போச்செண்டால் பைப்பைத் திறந்து வைச்சு, பைப் பக்கத்திலையிருந்து பின்னோக்கித் தலைமயிர் காயவைக்கிற மெஷினாலை சூடு காட்டும். நெருப்பு வேண்டாம். இதை அனுபவத்திலை சொல்லுறன். நான் 1990 மாசியிலை வந்து, முதல் ரொறன்ரோவிலை வெலஸ்லித் தெருப் பக்கம் அடுக்குமாடியிலை ரெண்டு அறைக்குள்ளை ஏழு பேர் இருந்தம். அடுத்த வருசம் ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்ற். வீட்டுக்காரர் எங்கடை ஆள், பக்கத்து ஊர். சிங்குக்குப் போற குழாய் வெளிச் சுவரோடை, பஞ்சும் அடைக்காமல். மைனஸ் இருபதிலை தண்ணி நிண்டிட்டுது. எங்களிலை ஒருத்தன் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திப் பிடிக்க அலுமாரி கருகி, நல்ல காலம் வீடு தப்பினது. சிங்குக்குக் கீழைக் கதவைத் திறந்து விட்டிருந்தால் அறைச் சூடு போய்க் குழாய் உறைஞ்சிராது. வீட்டுக்காரர் அதைச் சொல்லித் தரேல்லை, ஆனால் கருகின அலுமாரிக்கு ஏழு பேரிட்டையும் காசு வெட்டினார். வெள்ளைக்காரன் எங்களைப் பேய்க்காட்டுறான் எண்டு இஞ்சை எல்லாரும் கதைப்பினம். என்னைப் பேய்க்காட்டினது முழுக்கத் தமிழிலைதான் நடந்தது.

இன்னொருக்கா, 2012 மட்டிலை, கழுத்திலை அட்டை தொங்கவிட்ட பெடியன் ஒருத்தன் வாசலிலை வந்து, 'அண்ணை, உங்கடை சுடுதண்ணித் தாங்கி பழசு, அரசாங்கம் மாத்தச் சொல்லியிருக்கு' எண்டான். தமிழ்ப் பெடியன், தேத்தண்ணி எல்லாம் குடுத்துக் கையெழுத்தும் வைச்சன். பத்து வருச வாடகை ஒப்பந்தம். 2018 பங்குனி 1 ஆம் திகதியிலையிருந்து ஒன்ராறியோவிலை, நீர் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து சுடுதண்ணித் தாங்கி, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ், தண்ணி வடிகட்டி எண்டு ஒப்பந்தம் எழுதுறதைச் சட்டம் தடுத்திருக்கு. அப்பிடி வந்தால் கதவைச் சாத்தும், தேத்தண்ணி வேண்டாம். உம்மடை வீட்டுத் தாங்கி வாடகையோ சொந்தமோ எண்டு வழக்கறிஞரிட்டை இப்பவே கேளும்.

வீடு எந்த வருசம் கட்டினது எண்டு நீர் எழுதேல்லை. 1995க்கும் 2007க்கும் இடையிலை எண்டால் மீற்றருக்குப் பக்கத்திலை செம்மஞ்சள், நீலக் குழாய் இருக்கோ எண்டு பாரும். கைற்றெக் எண்டு பேர் போட்டிருக்கும். மூட்டுகள் அரிச்சு வழக்கு வரை போன சாமான், காப்புறுதிக்காரர் கேப்பினம். அதுக்கு முந்தின வீடுகளிலை சாம்பல் நிறக் குழாய் இருந்தால் அதுவும் தலையிடிதான். வெள்ளையோ சிவப்போ நீலமோ பெக்ஸ் எண்ட பிளாஸ்ரிக் குழாய் எண்டால் நிம்மதியாப் படும்.

குசினிச் சிங்குக்குள்ளை எண்ணெய் ஊத்தாதேயும், முக்கியமாத் தேங்காயெண்ணெய். அது 24 பாகையிலை கட்டியாகிறது. நிலத்துக்குக் கீழை போற குழாய்க்குள்ளை என்ன சூடு இருக்கும் எண்டு நீரே யோசியும். சுடுதண்ணி விட்டுக் கரைச்சால் கொஞ்சம் தள்ளிப் போய்க் கட்டியாகும், அவ்வளவுதான். இதை எங்கடை மனுசிக்குச் சொல்லி முப்பது வருசமாச்சு.

பேஸ்மென்ற் குளியலறை? இப்ப வேண்டாம். பழைய பைப்பையோ ரொய்லெற்றையோ மாத்துறது வேறை, புதுசாக் குழாய் ஓட்டுறது வேறை. அதுக்கு நகரசபைப் பெர்மிற் வேணும், கொங்கிறீற்றை உடைக்கவேணும், மூட முதல் பரிசோதகர் வந்து பாக்கவேணும். தெரிஞ்ச பெடியன் பாதி விலைக்குப் பெர்மிற் இல்லாமல் செய்து தாறன் எண்டு வருவான், கட்டாயம் வருவான். 2013 ஆடி 8 ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்திலை 126 மில்லிமீற்றர் மழை கொட்டினது. அண்டைக்கு அப்பிடிக் கட்டின குளியலறை ஒண்டுக்குள்ளாலை தெருக் கழிவு முழுக்கத் திரும்பி வந்ததை நான் தும்புத்தடியோடை நிண்டு பாத்தனான். திரும்பி வராமல் தடுக்கிற வால்வ் இல்லாமல் கீழை ரொய்லெற் வைச்சால் நடக்கிறது அதுதான். காஸ் குழாயிலை கையே வைக்காதேயும், அது லைசென்ஸ்காரரின்ரை வேலை.

பிளம்பர் 250 கேட்டதெண்டால், வேலை அரை மணித்தியாலம், சாமான் ஐம்பது டொலருக்குள்ளை. ஆனால் அந்த மனிசன் லைசென்ஸ் எடுக்க எத்தினை வருசம் படிச்சிருப்பார் எண்டும் பாரும். ஊரிலை கக்கூஸ் குழாயைத் தொட்டவனை வாசலுக்கு வெளியிலை வைச்ச ஆக்கள் நாங்கள். இஞ்சை அந்த வேலைக்கு மூண்டு கிழமை காத்திருந்து, வந்தவரை 'சேர்' எண்டு கூப்பிட்டு, கோப்பி போட்டுக் குடுக்கிறம். எங்கடை அப்பு பாத்திருக்கவேணும்.

கிழவர் 2011 இலை செத்துப்போனார். அவற்றை ஆங்கிலமும் என்ரை ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு வசனம் முடியும். வால்வ் மாத்த, சோல்டர் பிடிக்க எல்லாம் அவர்தான் காட்டித் தந்தவர். ஒவ்வொரு ஐப்பசியும் வேலிக்கு மேலாலை எட்டி என்ரை பைப்பைப் பாத்து, ஹோஸ் கொழுவியிருந்தால் ஒண்டும் சொல்லாமல் விரலைக் காட்டுவார்.

நாளைக்கு இரவு மைனஸ் ரெண்டாம் எண்டு இப்ப ரேடியோவிலை சொல்லுறான். உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறதிலை என்ரை ஹோஸை நான் இன்னும் கழட்டேல்லை. லாம்பை எடுத்துக்கொண்டு போறன், மிச்சம் பிறகு.