வயலுக்குள் சோலார் வந்தால் முதலில் எந்தக் கடதாசி?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில், ஒரு சிறுகுளத்தின் கீழ் எங்கள் ஊருக்கு 150 ஏக்கர் வயல் இருக்கிறது. அதையொட்டி 70 ஏக்கர் பற்றைக்காடு. அப்பா காலத்திலிருந்து விதைக்கிறோம், பசளை மானியமும் கிடைக்கிறது. ஆனால் காணி அனுமதிப்பத்திரம் யாரிடமும் இல்லை. போன மாதம் அளவையாளர்கள் வந்து கல் நட்டார்கள். மொத்த இடத்திலும் 50 மெகாவாட் சோலார் வருமாம். "கீழேயே நெல் விதைக்கலாம்" என்கிறார்கள். போராடுவதா, வழக்குப் போடுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காணி இன்று எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் எடுங்கள். வனத் திணைக்களமா, பிரதேச செயலகமா, துறைமுக அதிகாரசபையா என்பதைப் பொறுத்து நீங்கள் போகவேண்டிய கதவே மாறும். திருகோணமலையில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வியல்ல. துறைமுகத்தைச் சுற்றிய பெருமளவு நிலம் 1984இல் வர்த்தமானி மூலம் துறைமுக அதிகாரசபைக்குப் போனது. வயல் செய்தவர்கள் பலருக்கு அது தெரியவந்தது எவ்வளவோ காலம் கழித்துத்தான். 2025இல் முத்துநகர் விவசாயிகள், வயல் சோலாருக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் உட்கார்ந்ததன் வேரும் அங்கேதான்.

காணி அரசுடையது என்றால் நீங்கள் பயப்படவேண்டியது புல்டோசருக்கு அல்ல, ஒரு தாளுக்கு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வரும் வெளியேறல் அறிவித்தல் அது. குறைந்தது 30 நாள் தவணை தருவார்கள். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே நீதவான் கேட்கக்கூடியது ஒரே கேள்விதான்: செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ உண்டா? எத்தனை வருடம் விதைத்தீர்கள், எத்தனை குடும்பம், இதெல்லாம் அந்தக் கதவுக்குள் நுழையாது. பத்து வருடம் ஆண்டதால் காணி எனக்கே என்ற ஆட்சி உரிமை வாதமும் அரசுக்கு எதிராக ஓடாது. ஆகவே அறிவித்தல் வந்த கையோடு சட்டத்தரணியிடம் போங்கள். அறிவித்தலை ரத்துச்செய்யக் கேட்கும் எழுத்தாணை மனு திருகோணமலை மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகாது. அரச காணி வெளியேற்றத்தில் அந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். தெரியாமல் இங்கே போட்டால் மாதங்கள் வீணாகும்.

உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு, மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் தவணைக்கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விசாரணை நிலுவையில் உள்ளது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பசளை மானியப் பதிவு அனுமதிப்பத்திரம் ஆகாது. அதற்காக எறிந்துவிடவும் வேண்டாம். கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் வயல் நெற்காணியாக ஏறியிருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் பின்னால் நிற்கிறது. நெற்காணியை நிரப்பவோ அதில் கட்டுமானம் எழுப்பவோ கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அந்த அனுமதி எடுத்தார்களா என்ற கேள்வியை ஊர்க்கூட்டங்களில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பதிவேட்டுப் பிரதி, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, கமக்கார அமைப்பின் கூட்டக் குறிப்பு, பயிர்க் காப்புறுதி, எல்லாவற்றையும் குடும்பம் குடும்பமாக ஒரே கோப்பில் சேருங்கள். பதிவு அப்பா பேரில் இருக்கிறதா, மகன் பேரிலா என்பதை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு தகவலறியும் உரிமை விண்ணப்பம், 2016இன் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "திட்டம் பற்றிய விபரம் தரவும்" என்று எழுதினால் இரண்டு வரியில் பதில் வந்து கதை முடிந்துவிடும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். காணி யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் குத்தகை உடன்படிக்கை, நில அளவை வரைபட இலக்கம். நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடம் வலு அனுமதிப்பத்திரமும் அதில் காட்டிய நில எல்லையும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் சுற்றாடல் அங்கீகாரமும் நிபந்தனைகளும். கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் நெற்காணி மாற்ற அனுமதி. கடைசிக் கடிதத்துக்கு "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்கள் வலுவான சான்று.

50 மெகாவாட் என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1993 ஜூன் வர்த்தமானிப்படி சுற்றாடல் அங்கீகாரம் தேவைப்படுவது 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின் நிலையத்துக்கு. சரியாக 50 என்றால் அந்த வரிக்குள் அகப்படாது. அதே பட்டியலில் 50 ஹெக்டேருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவதும், 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக இடம்பெயர்ப்பதும் தனித்தனியாக இருக்கின்றன. உங்கள் 220 ஏக்கர் 89 ஹெக்டேர். ஆனால் "வெட்டப்போவது பற்றைக்காடு மட்டும், வெறும் 28 ஹெக்டேர்" என்று வாதிடுவார்கள். ஆகவே இரண்டாம் கட்டம் உண்டா, அதையும் சேர்த்தால் மொத்தக் கொள்ளளவு 50ஐத் தாண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் மக்கள் கருத்துக்கு 30 நாள் உண்டு. அதைவிடச் சிறிய ஆய்வான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்றால் அறிக்கையைப் பார்க்கலாம், கருத்துக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கருத்து எழுதும்போது "சோலார் சூட்டால் மழை நின்றுவிடும்" போன்றவற்றை விட்டுவிடுங்கள். ஒரு பிழையான வரி போதும், மீதிப் பத்துப் பக்கமும் அலமாரிக்குப் போகும். உங்கள் பலம் தண்ணீர். ஒரு சோலார் தகடு கிட்டத்தட்ட 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம். மாரியில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதன் கீழ் விளிம்பால் மட்டும் ஏறத்தாழ 130 லீற்றர் வடியும். இரண்டு தகடு மேலும் கீழுமாகப் பொருத்தினால் ஒரே கோட்டில் 260. பெய்யும் மழை கூடவில்லை, குறையவுமில்லை. பரவி விழுந்தது கோடாக விழுகிறது. புல் இல்லாத மண்ணில் அந்தக் கோடு முதல் மாரியிலேயே வாய்க்காலாகிவிடும். அரிபட்ட மண் நேரே குளத்துக்குப் போகும்.

அதைவிடப் பாதிப்பு உள்வீதிகளால். லொறி போக மண் போட்டு உயர்த்துவார்கள், கேபிளுக்குக் கிடங்கு வெட்டுவார்கள். வயலிலிருந்து வயலுக்கு இறங்கிய தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் காயும். எனவே சமவுயரக் கோட்டு வரைபடம், ஒவ்வொரு உள்வீதிக்கும் மதகுக் குழாய், எல்லையில் மண்படிவுக் குட்டை, தகட்டுக்குக் கீழ் புல், குளத்தின் நீரேந்து பகுதியில் மண்வெட்டு இல்லை என்ற நிபந்தனை, இவற்றை வரி வரியாக எழுதுங்கள். 80 ஹெக்டேருக்குக் குறைந்த வயல் பாயும் குளம் கமநலத் திணைக்களத்தின் பொறுப்பு. அவர்களின் தொழில்நுட்ப உத்தியோகத்தரை நேரில் கூட்டிச் சென்று காட்டுங்கள், மாரியில் தண்ணீர் ஓடும்போதே.

"கீழேயே விதைக்கலாம்" என்ற பேச்சுக்கு மூன்று கேள்வி போதும். தகட்டின் கீழ் விளிம்பு எத்தனை மீற்றர் உயரம்? வரிசைக்கு வரிசை இடைவெளி எவ்வளவு? கல் தெறித்துத் தகடு உடைந்தால் நட்டத்தை யார் கட்டுவது? சாதாரணச் சோலார் பண்ணையில் கீழ் விளிம்பு இடுப்பளவுக்கும் வராது. உயர்த்திக் கட்டினாலும் கீரை வரும், ஆடு மேயும். நெல்லுக்கு முழு வெயில் வேண்டும், அறுவடைக்கு வெட்டு மெசின் நுழையவேண்டும். எங்கள் கணிப்பில் நெற்காணிக்கு அந்த வாக்குறுதி பொருந்தாது.

மாற்றுக் காணி என்று பேச்சு வந்தால் ஏக்கரைப் பார்க்காமல் குளத்தைப் பாருங்கள். அந்தக் குளத்தின் கீழ் கடந்த ஐந்து சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விளைந்தது என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டு எடுங்கள். மேட்டுக்காணி ஐந்து ஏக்கரைவிடத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் மேல். அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை இருக்கும் வயலை விடாதீர்கள். நிற்கும் பயிருக்கான இழப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. நட்ட அளவைக் கற்களைப் பிடுங்கவேண்டாம், அது குற்றம். ஒவ்வொன்றையும் இலக்கம் தெரியப் படமெடுத்து, எந்த வரம்பில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். குத்தகை வரைபடம் கையில் வரும் நாளில் ஒப்பிட அது தேவைப்படும்.