மாசியில் மட்டக்களப்புக்கும் குமணவுக்கும் வருகிறேன், எந்தப் பறவைக் கையேட்டைக் கொண்டுவரலாம்?

கேட்டவர் கொழும்பிலிருந்து ஒரு கிழமைக்கு வருகிறார். பறவை பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்தானாம். வழவழப்பான புகைப்படப் புத்தகமா, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் அடக்கிய தடித்த புத்தகமா, இல்லை போனே போதுமா என்பதுதான் கேள்வி.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரன். முதல் புத்தகத்தைப் பிழையாக வாங்கினவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

கடையில் பறவைப் புத்தகம் எடுத்தால் கை தானாகவே மீன்கொத்திப் பக்கத்துக்கோ மயில் பக்கத்துக்கோதான் போகும். நானும் அதைப் பார்த்து மயங்கித்தான் ஒரு புகைப்படப் புத்தகத்துக்குக் காசைக் கொட்டினேன். மீன்கொத்தியை அடையாளம் காண யாருக்கையா புத்தகம் வேணும்? கடையில் நீங்கள் திறக்க வேண்டியது உள்ளான் பக்கம், அதாவது சேற்றில் மேயும் கரைப்பறவைகளின் பக்கம்.

மாசியில் மழை விட்டு வாவித் தண்ணி வற்றத் தொடங்க, மண்முனைப் பக்கம் சேறு வெளியில் தெரியும். அதில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சாம்பல் பறவைகள் ஓடித் திரியும். அப்படி ஒரு காலையில் என் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேர்லியூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானைத் தேடினேன். படத்தில் செங்கல் நிறத்தில் அப்படி ஒரு வடிவு. இரண்டு மணித்தியாலம் தேடியும் செங்கல் நிறத்தில் ஒன்றுமில்லை. பிறகுதான் விளங்கியது, அந்தச் சிவப்பு சைபீரியாவில் கூடு கட்டும் காலத்துச் சட்டை. எங்களிடம் வரும்போது அது மேலே சாம்பல், கீழே வெள்ளை. நான் தேடின பறவை முழு நேரமும் என் முன்னால்தான் நின்றிருக்கிறது.

பக்கத்தில் வீச்சுவலை உதறிக்கொண்டு நின்ற பெரியவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் உள்ளான்தான் மனே" என்றார். கொஞ்சம் பொறுத்து ஒன்றைக் காட்டி, "இவன் மட்டும் மிஷின்ல தைக்கிற மாதிரிக் குத்துவான், பாரு" என்றார். பார்த்தேன். கீழ்நோக்கி வளைந்த நீள அலகு, வயிறு வரைக்கும் தண்ணி, படபடவென்று சேற்றில் குத்து. எழும்பிப் பறந்தபோது வாலுக்கு மேலே வெள்ளை. அதேதான்.

ஆகவே முதல் சோதனை இதுதான்: வலசை வரும் பறவைக்குக் குளிர்காலச் சட்டையும் வரைந்திருக்கிறதா? வரையாத புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்க. நல்ல கைப்படம் புகைப்படத்தை விட உதவுவதும் இங்கேதான். புகைப்படம் ஒரு பறவையை ஒரு வெளிச்சத்தில் காட்டும். ஓவியர் என்றால் குழம்பக்கூடிய இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒரே நிலையில் நிறுத்துவார். மார்ஷ் சாண்ட்பைப்பர், கிரீன்ஷாங்க் என்ற இரண்டு உள்ளான்களையும் அப்படிப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் அலகு நேரான ஊசி, மற்றதன் அலகு தடித்து நுனியில் சற்று மேலே நிமிர்ந்தது என்பது பார்த்த உடனே தெரியும். 1934இல் அமெரிக்காவில் தன் முதல் பறவைக் கையேட்டை வெளியிட்ட ரோஜர் டோரி பீட்டர்சன், தன் கையேடுகளில் கவனிக்க வேண்டிய இடத்துக்கு அம்புக்குறி போட்டுக் காட்டினார். அந்த யோசனைக்கு இன்றைக்கும் வயதாகவில்லை.

துணைக்கண்டப் புத்தகம் வேண்டாம். அதில் 1300 அளவில் பறவைகள், அதில் பாதிகூட இலங்கையில் இல்லை. இமயமலைக் குருவிகளைப் பக்கம் பக்கமாகத் தள்ளித் தள்ளி உள்ளான் பக்கத்துக்கு வருவதற்குள் உள்ளான் பறந்துவிடும்.

இலங்கைக்கென்றே வந்தவற்றில், தீபால் வரகாகொடவும் இன்ஸ்கிப் தம்பதியும் ரிச்சர்ட் கிரிமெட்டும் 2012இல் வெளியிட்டதுதான் என் தெரிவு. ஜோன் ஹாரிசன் எழுதி டிம் வோர்ஃபோக் வரைந்ததும் நல்லது, ஆனால் 1999 பதிப்பு அல்ல, 2011 பதிப்பைத் தேடுங்க. வருடத்தை ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், செரண்டிப் ஆந்தை 2001இல்தான் சிங்கராஜாவில் முதன்முதல் கண்ணில் பட்டது, 2004இல் அறிவியல் பெயர் பெற்றது. 1999 புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? (கண்டுபிடித்தவர் அதே வரகாகொடதான்.) ஈரவலயக் காட்டு ஆந்தை, எங்கட பக்கம் உங்களுக்குக் கிடைக்காது. என்றாலும் புத்தகத்தின் வயதைச் சொல்ல அது ஒரு நல்ல அளவுகோல்.

இலங்கைப் பறவைகள் பற்றிய ஜி. எம். ஹென்றியின் 1955 புத்தகத்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள். கொழும்பு நூதனசாலையில் வேலை செய்தவர், படமும் தானே வரைந்தவர். பறவையின் குணத்தை அவர் மாதிரி எழுத ஆளில்லை. ஆனால் அதை வீட்டில் வைத்து இரவில் வாசியுங்க. தோளில் சுமக்காதீங்க.

எந்தப் பறவை எங்கே உண்டு என்று காட்டும் வரைபடத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்க. பழைய புத்தகத்தில் கிழக்குப் பக்கம் வெறுமையாக இருந்தால் பறவை இல்லை என்று எடுக்க வேண்டாம். யுத்த காலத்தில் இந்தப் பக்கம் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்க யாருக்குத் துணிவு? குமணப் பூங்காவே 1985இலிருந்து 2003 வரை மூடிக் கிடந்தது. அந்தப் பூங்காவுக்குப் பழைய பெயர் யால கிழக்கு என்பதையும் நினைவில் வையுங்க. எங்கட பழைய ஆக்களிடம் வழி கேட்டால் கூமுனை என்பார்கள்.

பெயர்க் குழப்பம் பறவைக்கும் உண்டு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் செம்போத்து என்றிருப்பது எங்கட வேலியில் திரியும் செண்பகம்தான். ஆங்கிலப் பெயர்களும் மாறிக்கொண்டே வருகின்றன. அதனால் அறிவியல் பெயர் போட்ட புத்தகமாகப் பார்த்து வாங்குங்க.

போனை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. பறவையை அடையாளம் காட்டும் மேர்லின் செயலியில் பறவைத் தொகுதியை வீட்டிலேயே இறக்கி வையுங்க, குமணவுக்குப் போகும் வழியில் ஒக்கந்தைக்கு அங்கால் சிக்னலை நம்ப ஏலாது. காட்டுக்குள் குரல் கேட்க அது உதவும். சேற்றில் வாய் திறக்காமல் மேயும் உள்ளானிடம் அதன் வித்தை பலிக்காது. வெயிலில் திரையும் தெரியாது.

இன்னொருவர் பாவித்த பழைய புத்தகத்தை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக, தையல் விட்டுப் போகாமல் இருந்தால். உள்ளான் பக்கத்தில் முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஏதும் கிறுக்கியிருந்தால் இன்னும் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.