மூடிய தவறணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த கள்ளுத் தவறணையை (கள்ளுக்கடையை) மூடி வெகுகாலம். அங்கே வழமையாகப் போன பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய நினைக்கிறோம். "அந்தக் காலம் நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. எப்படிக் கேட்பது? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: "தவறணையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அந்தப் பதில்தான் வரும். பெரிய தாள் ஒன்றை விரித்து, கடையை வரையச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம், பீப்பா எங்கே, வாங்கு எங்கே, அவித்த கடலை விற்றவர் எந்த ஓரத்தில் இருந்தார்? இடத்தைக் காட்டும்போதே அங்கே உட்கார்ந்தவரின் பெயரும் வந்துவிடும். யாரை உள்ளே உட்கார விடவில்லை, எல்லாருக்கும் ஒரே கிளாஸா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஆனால் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் அதற்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வருடத்தைக் கேட்டால் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார்கள், அது பெரும்பாலும் பிழையாக இருக்கும். தோட்டங்களை அரசு எடுத்தது 1972, 1975. கம்பனிகளிடம் நிர்வாகம் போனது 1992. இடையில், எழுபதுகளில், தோட்டங்களில் பஞ்சம் வந்தது. "பஞ்சத்துக்கு முன்னயா, கம்பனி வந்த பிறகா?" என்று கேட்டால் காலம் சரியாக விழும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போனவர்களையும் விட்டுவிட வேண்டாம். பழைய வாடிக்கைக்காரர் சிலர் இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம். உறவினர் மூலம் வட்ஸ்அப்பில் பேசலாம்.

பெண்களிடம் கேட்காத பதிவு பாதிப் பதிவுதான். சம்பள நாளன்று தவறணை வாசலில் காத்து நின்றவர்கள் அவர்கள். கடன் கொப்பியில் எவ்வளவு ஏறியது, வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புருஷன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் போங்கள். கொப்பி கிடைத்தால் படமெடுக்கலாம், ஆனால் பெயர்களை மறைத்த பிறகே வெளியிட வேண்டும்.

போனை அழைப்பு வராதபடி 'ஃப்ளைட் மோட்'டில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கிளாஸ் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். தகரக் கூரையில் மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம், அதைத் தவிருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். குடித்திருப்பவரிடம் அன்று பதிவு வேண்டவே வேண்டாம், அவர் தந்த சம்மதம் சம்மதமாகாது.

கேள்வி: காலையில் இனித்த தவறணைக் கள் மாலையில் கடுத்தது, போத்தல் கள்ளு எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார் தாத்தா. ஏன்? (வாசகி, பதுளை)

பதில்: தாத்தா சொல்வது சரி. பாளையில் இறங்கும் சாறில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சீனி. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் அதை உடனே மதுசாரமாக்கத் தொடங்கும். காலையில் பாதிச் சீனி மிச்சம், மாலையில் அது குறைந்து மதுசாரம் ஏறிவிடும். மறுநாள் வேறு நுண்ணுயிர்கள் மதுசாரத்தைப் புளிக்காடியாக்கும். நுரைப்பது கரியமில வாயுவால். இறுக மூடினால் போத்தல் வெடிக்கும், அதனால்தான் பீப்பா மூடியைத் தளர்த்தி வைப்பார்கள். குளிரில் ஈஸ்ட் மந்தமாகும். ஒரே கள் நுவரெலியாவில் கடுக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், கீழ்நாட்டில் விரைவில் கடுக்கும். போத்தல் கள்ளைச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள், பிறகு மாற என்ன இருக்கிறது? தாத்தாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வந்தது தென்னங் கள்ளா, கித்துள் கள்ளா?

கேள்வி: தவறணை பற்றி எழுத்துச் சான்று கிடைக்குமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: கிடைக்கும். தவறணைக் குத்தகைக்கான கேள்வி (டெண்டர்) அறிவித்தல்கள் அரச வர்த்தமானியில் வந்தவை. கடை அமைய வேண்டிய எல்லையும் திறக்கும் நேரமும் அவற்றில் இருக்கும். பழைய வர்த்தமானிகளை கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கலாம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்து தொடங்குங்கள். தோட்டத்தைத் தமிழில் வழங்கும் பெயரால் தேடினால் அகப்படாது, பதிவேட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.