அரிசோனாவில் குழாய்த் தண்ணீரால் எல்லா இடத்திலும் வெள்ளைக் கறை படிகிறது. ஆர்.ஓ. போதுமா, சாஃப்ட்னரும் வேண்டுமா?

சாண்ட்லர், கில்பர்ட், ஃபீனிக்ஸ் பக்கம் குடிவரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது. குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. போதும். வெந்நீர் ஹீட்டர், ஷவர், டிஷ்வாஷர், வாஷிங் மெஷின் இவையெல்லாம் நீடித்து உழைக்க, வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மென்மையாக்கும் சாஃப்ட்னர் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இங்கே குழாயில் வருவது சால்ட் ஆறு, வெர்டே ஆறு, கொலராடோ ஆறு, கொஞ்சம் ஆழ்துளைக் கிணறு எல்லாம் கலந்த தண்ணீர். கொலராடோ தண்ணீர் ஹவாசு ஏரியில் தொடங்கி டூசான் வரை 336 மைல் ஓடும் கால்வாயில் வருகிறது. அதற்கு முன்பே ஆறு வரும் வழியெல்லாம் சுண்ணாம்புப் பாறையையும் ஜிப்சத்தையும் கரைத்துக்கொண்டு வரும். பாலைவன வெயிலில் தண்ணீர் ஆவியாகும், கரைந்த சுண்ணாம்பு அப்படியே தங்கிவிடும். ஊரில் நாம் சொல்லும் ‘உப்புத் தண்ணி’ போல வாயில் வைத்தால் கரிக்காது. ஆனால் சோப்பு நுரைக்காது.

முதலில் அளந்து பாருங்கள். இங்கே தண்ணீரின் கடினத்தன்மையை, ஒரு கேலனில் எத்தனை கிரெய்ன் எடை சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கில் சொல்வார்கள். கேலனுக்கு ஒரு கிரெய்ன் என்றால் லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே ‘மிகக் கடினம்’. இந்தப் பகுதியில் 16 கிரெய்ன், அதாவது சுமார் 274 மில்லிகிராம், சர்வசாதாரணம். ஏரியாவுக்கு ஏரியா, பருவத்துக்குப் பருவம் மாறும். துளி விட்டுப் பார்க்கும் கிட் வாங்குங்கள்: நிறம் சிவப்பிலிருந்து நீலமாக மாற எத்தனை துளி ஆனதோ, அத்தனை கிரெய்ன். ஊரிலிருந்து கொண்டுவந்த டி.டி.எஸ். மீட்டர் (கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது) இதற்கு உதவாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக சோடியத்தை விடுவதால் டி.டி.எஸ். ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். அதைப் பார்த்து ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று கம்பெனியைக் கூப்பிடுபவர்கள் நிறையப் பேர்.

நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 240 கேலன் செலவாகிறது என்று வையுங்கள். 16 கிரெய்ன் தண்ணீரில் அது ஏறக்குறைய கால் கிலோ சுண்ணாம்பு. பெரும்பகுதி கரைந்தபடியே சாக்கடைக்குப் போய்விடும். சூடேறும் இடத்தில்தான் பிரிந்து படியும். அதனால் கண்ணாடிக் கதவில் தெரியும் கறையைவிட, கண்ணுக்குத் தெரியாமல் ஹீட்டர் அடியில் சேர்வதுதான் காசைத் தின்னும். கேஸ் ஹீட்டர் எரியும்போது சோளம் பொரிவது போலச் சத்தம் கேட்டால், படிவின் அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரிக் ஹீட்டரில் கீழ் எலிமென்ட் படிவில் புதைந்து கருகிப்போகும்.

வருடம் ஒருமுறை ஹீட்டரைக் கழுவிவிடுங்கள். எலக்ட்ரிக் என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காலி டேங்கில் எலிமென்ட் எரிந்தால் சில நொடிகளில் போய்விடும். கேஸ் என்றால் குமிழை ‘பைலட்’டில் வையுங்கள். தண்ணீர் ஆற சில மணி நேரம் விட்டு, குளிர்நீர் வால்வை மூடி, அடியில் உள்ள வடிகுழாயில் தோட்டத்து ஹோஸை மாட்டுங்கள். வீட்டுக்குள் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும். காலியானதும் குளிர்நீர் வால்வை அரை நிமிடம் திறந்து மூடி, திறந்து மூடி, அடியைக் கலக்குங்கள். முட்டை ஓட்டுத் துண்டு மாதிரி வெள்ளைச் சில்லுகள் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்யுங்கள். டேங்க் முழுக்க நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்று கலக்காமல் தண்ணீர் சீராக வந்த பிறகே திரும்ப ஆன் செய்யுங்கள். பத்து வருடமாகத் தொடாத ஹீட்டர் என்றால் வடிகுழாயில் சில்லு சிக்கி, மூடாமல் ஒழுகலாம். ஹோஸ் திருகில் மாட்டும் பித்தளை மூடி ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சூட்டை 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் படிவே குறையும்.

இனி சாஃப்ட்னர். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கராஜில் அதற்கென்றே குழாய் இழுத்து விட்டிருப்பார்கள், சுவரில் பாருங்கள். நாலு பேருக்கு 1.5 கன அடி ரெசின் (கால்சியத்தைப் பிடிக்கும் சிறு மணிகள்) சரியான அளவு. ‘48,000 கிரெய்ன்’ என்று பெட்டியில் போட்டிருப்பது உப்பை அள்ளிக் கொட்டினால் கிடைக்கும் உச்சம். ஒரு ரீஜெனரேஷனுக்கு (ரெசினை உப்புநீரால் கழுவிப் புதுப்பிப்பது) 9 பவுண்டு உப்பு வைத்தால் சுமார் 30,000 கிரெய்ன் கிடைக்கும், உப்பும் மிச்சம். நம் கணக்கில் 240 பெருக்கல் 16, தினம் 3,840 கிரெய்ன். ஒரு நாள் ரிசர்வ் போக, வாரம் ஒருமுறை ஓடும். மாதத்துக்கு 40 பவுண்டு மூட்டை ஒன்று. நாள் கணக்கில் ஓடும் டைமர் வகை வேண்டாம், தண்ணீரை அளந்து ஓடும் மீட்டர் வகையே நல்லது. நகரத் தண்ணீரில் உள்ள குளோரின் ரெசினை அரிக்கும். 8 சதவீத கிராஸ்லிங்க் (மணியின் உறுதியைச் சொல்லும் அளவு) ரெசினைவிட 10 சதவீதம் கொஞ்சம் விலை கூடினாலும் நீடிக்கும்.

சாஃப்ட்னருக்குப் பிறகும் கறை படிந்தால், தண்ணீரை அதற்குள் விடாமல் நேரே அனுப்பும் பைபாஸ் வால்வை முதலில் பாருங்கள். வேலைக்கு வந்தவர் பாதி திறந்து விட்டுப் போயிருப்பார். அடுத்து உப்புத் தொட்டி. மேலே உப்பு நிறைந்திருக்கும், ஆனால் வாரக்கணக்கில் குறையாது. நடுவில் உப்பு இறுகிப் பாலம் கட்டி, கீழே வெறும் தண்ணீர் நிற்கும். துடைப்பக் கம்பை மெதுவாக இறக்கினால் ‘டொக்’கென்று நிற்கும்; குத்தி உடைத்துவிடுங்கள். தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உப்பு நிரப்பாதீர்கள்.

உப்பே வேண்டாத கண்டிஷனர் கால்சியத்தை எடுப்பதில்லை. நல்ல வகையானால் ஒட்டுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். குழாயில் சுற்றும் காந்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தண்ணீரின் கடினத்தன்மைக்காக ஆரோக்கியத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. அதற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும்தான். குழந்தையின் எக்ஸிமா (தோல் அழற்சி) சாஃப்ட்னரால் சரியாகும் என்பதையும் நம்பி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. 16 கிரெய்னை மென்மையாக்கினால் லிட்டருக்கு சுமார் 125 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டில் குடிநீருக்கு ஆர்.ஓ. வைக்க இது ஒரு காரணம். சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்.ஓ. வைத்தால் மெம்பரேனும் அடைக்காது.

சமையலில் இதன் வித்தியாசம் துவரம்பருப்பில் தெரியும். கால்சியம் பருப்பில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளோடு பிணைந்து செல்சுவரை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. ஊற வைப்பதும் வேக வைப்பதும் ஆர்.ஓ. தண்ணீரிலேயே இருக்கட்டும். இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு புளிச்சக்கை போடுவது பாட்டி காலத்து வழக்கம். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைப் படியவிடாது.

ஏற்கெனவே படிந்ததற்கு வெள்ளை வினிகர். பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஷவர் தலையில் ரப்பர் பேண்டால் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். மார்பிள், டிராவர்டைன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கல் அரித்துவிடும். பிளீச்சோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். டிஷ்வாஷரில் மங்கிய டம்ளர் மேல் வினிகர் தேயுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. தெளியாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, அது திரும்பாது. மென்மையான தண்ணீரில் டிடெர்ஜென்ட் கூடினால் அப்படி ஆகும். சாஃப்ட்னர் வைத்த அன்றே பவுடரைப் பாதியாக்குங்கள்.

தோட்டத்துக் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னால் பிரித்து எடுங்கள். சோடியம் மண்ணை இறுக்கும். பின்கட்டில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக்கு மென்மையாக்கிய தண்ணீர் ஆகாது. கடின நீரிலேயே அதன் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செடியால் இரும்பை எடுக்க முடியாததால் வருவது அது. அதற்கு இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் சத்து வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் மண்ணில் ஊற்றுங்கள்.