தன்னார்வ ஆசிரியராக வெளிநாட்டில் முதல் நாட்கள்: கேட்டவையும் சொன்னவையும்

வெளிநாட்டுப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போகிறவர்கள், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இப்படி ஆட்களை அனுப்பி வைப்பதே என் வேலை என்பதால், பதில்களில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும்.

சம்பளமே வாங்கப் போவதில்லை. சுற்றுலா விசாவில் போனால் என்ன?

பல நாடுகளின் சட்டத்தில் சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள்: வழக்கமான பார்வையாளர் விசாவில் தன்னார்வப் பணிக்கு 30 நாட்கள்தான் அனுமதி, அதுவும் பதிவு பெற்ற அறக்கட்டளையில் மட்டும். அதனால் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடு" என்று உங்களை அனுப்பும் அமைப்பே சொல்லிக்கொடுத்தால், அந்த அமைப்பைப் பற்றி வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால், போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

அக்கா, அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன பேசுவது?

வணக்கம் சொல்லி, சின்னதாக ஒரு பரிசு கொடுத்தாகிவிட்டதா? சரி, அப்புறம் கேட்க வேண்டியதெல்லாம் சாதாரண விஷயங்கள். செருப்பை எங்கே விடுவது, குடிக்கும் தண்ணீர் எது, குளியலறை யாருக்கு எந்த நேரம், துணி எங்கே துவைப்பது, கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், உங்களிடம் சாவி இருக்குமா. வந்த அன்றே கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்காரர்களை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். பெயர் சொல்லலாமா, உறவுமுறை வேண்டுமா என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள்.

பண விஷயத்தை மட்டும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் சாப்பாட்டுக்கும் அறைக்கும் அந்தக் குடும்பத்துக்கு யார் தருகிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதியில்? மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பணம் அமைப்பிடமே தங்கிவிட, வீட்டம்மா தன் கைக்காசைப் போட்டுச் சமைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

நேர வித்தியாசத்தால் தூக்கம் கெடும் என்கிறார்களே?

கெடும். தாண்டும் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கிழக்கு நோக்கிப் போனால் கூடுதல் சிரமம். பகலில் வெளிச்சத்தில் நடமாடுங்கள். மதியம் அசந்து தூங்கிவிடாதீர்கள். முடிந்தால் பள்ளி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே போய்விடுங்கள்.

அவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால்?

எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே அமைப்பு மூலம் சொல்லி அனுப்புங்கள். தட்டில் வைத்த பிறகு சொன்னால் சமைத்தவருக்குத்தான் சங்கடம். உங்களால் சாப்பிடக்கூடியது என்றால், பிடிக்காவிட்டாலும் கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் போனாலோ கடும் காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மொழி தெரியாது. மாலையில் அறைக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

அதை மட்டும் செய்யாதீர்கள். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்காவில் 1961இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பு, போகிற நாட்டில் அவர்களைப் பயிற்சிக் காலமான சுமார் மூன்று மாதமும் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்களோடுதான் தங்கவைக்கிறது. மொழி வகுப்பில் படித்தது வீட்டில்தான் வாயில் ஏறும்.

எல்லோரும் எங்கே உட்கார்கிறார்களோ அங்கே போய் உட்காருங்கள். பேச்சு புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. காய் நறுக்குங்கள், பாத்திரம் துடையுங்கள், தெரிந்த இரண்டு சொல்லைத் தப்பாகவாவது சொல்லுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே சொல்லை இருபது தடவை சொல்லித் தர அதற்கு மட்டும்தான் பொறுமை உண்டு. ஊருக்குத் தினமும் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுகிறவர்களுக்கு ஒட்டுதல் தாமதமாகிறது என்பதையும் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதல் நாளே பாடம் எடுக்கச் சொன்னால்? புதுப்புது விளையாட்டெல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

விளையாட்டுகள் பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார், ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுத வேண்டிய தேர்வு இருக்கிறது. நீங்கள் போன பிறகும் அதெல்லாம் இருக்கும். அந்த ஆசிரியர் எந்தப் பாடத்தில் திணறுகிறார் என்று கேட்டு, அதில் கைகொடுப்பதுதான் உருப்படியான வேலை.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், மொழி வகுப்புக்கு உடல் அசைவோடு கற்பிக்கும் முறை கைகொடுக்கும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்தது. எழுந்திரு, கதவைத் தொடு, புத்தகத்தைத் திற என்று நீங்கள் சொல்லிக்கொண்டே செய்கிறீர்கள், பிள்ளைகளும் செய்கிறார்கள். பொதுமொழியே வேண்டாம், கரும்பலகை கூட வேண்டாம்.

பிரம்பைப் பார்க்க நேரிட்டால், வகுப்பின் நடுவே அந்த ஆசிரியரை மடக்காதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், அமைப்புக்கும் எழுதுங்கள். உங்கள் கையில் அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடலாமா?

பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் கூடாது. முகத்தோடு பள்ளிப் பெயரையும் சேர்த்துப் போடவே கூடாது.

மூன்றாவது வாரத்தில் அழுகை அழுகையாக வருகிறது. திரும்பிவிடவா?

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையில் பண்பாட்டு அதிர்ச்சிக்கு நான்கு கட்டங்கள் சொன்னார்: தேனிலவு, நெருக்கடி, மீட்சி, பழகிப்போதல். எல்லோருக்கும் இதே வரிசையில் வராது. ஆனால் புதுமையின் மயக்கம் தீர்ந்ததும் ஒரு சறுக்கல் வருவது சகஜம். நன்றாகத் தூங்குங்கள், தினமும் நடங்கள், திரும்பும் முடிவை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அதன் பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் திரும்பி வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தனியாகப் போகும் பெண் நான். வீட்டில் யாராவது தப்பாக நடந்துகொண்டால்?

இதில் பொறுமை காட்டாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். அந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத, எந்த நேரமும் கூப்பிடக்கூடிய ஓர் உள்ளூர் ஆளின் எண் கையில் இருக்க வேண்டும். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றாலே வீட்டை மாற்றச் சொல்லலாம், ஆதாரம் காட்டத் தேவையில்லை. "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று பதில் வந்தால், அன்றிரவே விடுதி ஒன்றில் அறை எடுத்துவிடுங்கள். அதற்குத் தேவையான பணத்தை யாருக்கும் சொல்லாமல் தனியாக வைத்திருங்கள்.