போர் நடக்கும்போது சமூகப் பணியாளர்கள் அமைதிக்கு என்ன செய்ய முடியும்?

சண்டையால் சிதறிய மக்களுக்குத் துணை நின்று, பகை மேலும் பரவாமல் தடுப்பவர்கள்தான் சமூகப் பணியாளர்கள். ஒரு குடிசை எரியும்போது பக்கத்து ஓலைக்கூரையை நனைப்பது போன்ற வேலை இது. இழப்போடு சும்மா கிடக்கும் இளைஞனை ஆயுதம் எளிதாக இழுத்துவிடும் அல்லவா?

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி ராமேசுவரம், தனுஷ்கோடி கரைகளில் இறங்கியவர்களில் பலர் மண்டபம் என்ற ஊரிலுள்ள அகதி முகாமுக்கு வந்தார்கள். சோறும் துணியும் சரி, அப்புறம்? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நாளை ஊர் திரும்பவும் குடியுரிமை கேட்கவும் அந்தத் தாள்தான் பிடி. அகதிகளே 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படிப்பட்ட பணிகளைப் பொறுமையாகச் செய்தது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

இந்தப் பணிக்கு நடுநிலை வேண்டும். நடுநிலை என்றால் அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; உதவும்போது ‘நீ எந்தப் பக்கம்’ என்று கேட்காமல் இருப்பதுதான் நடுநிலை.