தொடக்கத்தில் பொருந்திய ஒலி பாதியில் விலகுவது ஏன்?

படத்தொகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை ஒரு கேமராவிலும், ஆடுகளத்தின் அருகே வைத்த தனி ரெக்கார்டரிலும் பதிவு செய்தேன். எடிட்டிங்கில் தொடக்கத்தைச் சரியாகப் பொருத்திவிட்டேன். ஆனால் ஒரு மணி நேரம் ஓடியதும் வாயசைவுக்கும் குரலுக்கும் இடையே சுமார் மூன்று பிரேம் விலகிவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், செய்யாறு

பதில்: உங்கள் கேமராவுக்குள் ஒரு கடிகாரமும் ரெக்கார்டருக்குள் வேறொரு கடிகாரமும் ஓடுகின்றன. இரண்டுமே நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) என்று ஒலியைப் பதிவதாகச் சொன்னாலும், அந்த நொடியின் அளவை ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது. எந்த இரண்டு படிகங்களும் முற்றிலும் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி விலகிவிடும். நொடிக்கு 25 பிரேம் ஓடும் காட்சியில் ஒரு பிரேம் என்பது 40 மில்லி நொடி. உங்களுக்கு வந்திருக்கும் மூன்று பிரேம், பத்து லட்சத்தில் ஏறத்தாழ 33 பங்கு வேறுபாடு. சாதாரண விலைக் கருவிகளில் இது இயல்பாக நிகழக்கூடியதுதான். நீங்கள் பொருத்திய விதத்தில் பிழை ஏதும் இல்லை.

விலகல் எவ்வளவு என்பதை நீங்கள் அளந்து எழுதியது மிகவும் உதவியாக இருந்தது, ஏனென்றால் அந்த அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மணிக்குச் சில பிரேம் என்று சீராக விலகினால் அது கடிகார வேறுபாடு. மணிக்குச் சுமார் 3.6 நொடி விலகினால், 24 பிரேமில் எடுத்த காட்சியை மென்பொருள் 23.976 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது 30-ஐ 29.97 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிளிப்பின் பிரேம் வேகத்தைத் திருத்தினால் போதும். 44,100 மாதிரிகளில் பதிவான ஒலி தவறாக 48,000 என்று வாசிக்கப்பட்டால் ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடத்திலேயே முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடுமாதலால் காதே சொல்லிவிடும். இவற்றில் எதிலும் அடங்காமல், ஓரிடத்தில் முந்தியும் இன்னோரிடத்தில் பிந்தியும் தாறுமாறாக விலகினால், காட்சி கைபேசியில் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கும் பளுவுக்கும் ஏற்பப் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அத்தகைய கோப்பை ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகே டைம்லைனில், அதாவது காட்சியையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் பட்டையில், வைக்க வேண்டும்.

இனி உங்கள் மூன்று பிரேமுக்கு வருவோம். ஒலியின் வேகத்தைச் சற்றே மாற்றிவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் பிரீமியர் புரோ உள்ளிட்ட சில மென்பொருள்களின் வேகப் பெட்டியில் இரண்டு தசம இடம் வரைதான் எழுத முடியும். 0.01 சதவீதம் மாற்றினாலே மணிக்கு 0.36 நொடி, அதாவது 9 பிரேம் நகர்ந்துவிடும்; உங்களுக்குத் தேவைப்படுவதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. எனவே வெட்டி நகர்த்துவதே நல்ல வழி. சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு பிரேம் விலகுகிறது என்பதால், 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஓரிடத்தில், பாட்டு முடிந்து கட்டியங்காரன் பேச வாயெடுக்கும் முன் கிடைக்கும் இடைவெளியில், ஒலியை வெட்டி ஒரு பிரேம் நகர்த்துங்கள். அப்போது இடைவெளி விழுந்தால், அதே இடத்தில் பதிவான கூட்டத்தின் இரைச்சலில் ஒரு துளி எடுத்து நிரப்பி, இரு பக்கமும் சிறிய கிராஸ்ஃபேடு (ஒரு ஒலி தேயும்போதே அடுத்தது எழும் கலப்பு) கொடுங்கள். மத்தளமும் தாளமும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் வெட்டாதீர்கள். 40 மில்லி நொடி குறைந்தாலும் தாளம் தெரிந்த காது அதைப் பிடித்துவிடும்.

அடுத்த விழாவுக்கு இரண்டு கேமரா கிடைத்தால் வேலை இன்னும் எளிது. ஒலியைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு வெட்டிலும் காட்சியையே ஓரிரு பிரேம் நகர்த்திப் பொருத்திவிடலாம். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இசையும் கூத்தும் சார்ந்த எந்தப் பதிவிலும் கலைஞரின் ஒலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நீண்ட பதிவுகளைப் பல கேமராக்கள் துண்டு துண்டான கோப்புகளாகச் சேமிப்பதும் இங்கே நமக்குச் சாதகம்தான். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பொருத்தினால் விலகல் சேர்ந்துகொண்டே போகாது.

கேள்வி: சபாவில் நடந்த கச்சேரியை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து எடுத்தேன். மென்பொருளே அலைவடிவத்தை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை) ஒப்பிட்டு, ஒலிப்பலகையிலிருந்து எடுத்த ஒலியைப் பொருத்திக் கொடுத்தது. இருந்தாலும் மிருதங்கத்தில் கை விழுந்த பிறகே ஓசை வருவதுபோல் தோன்றுகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். பிரீமியர் புரோவின் சிங்க்ரனைஸ், டாவின்சி ரிசால்வின் ஆட்டோ சிங்க், ஃபைனல் கட் புரோவின் சிங்க்ரனைஸ் கிளிப்ஸ் ஆகிய எல்லாமே, அலைவடிவத்தை வைத்துப் பொருத்தும்போது, கேமராவின் சொந்த மைக் கேட்ட ஒலியோடுதான் நல்ல ஒலியை ஒட்டவைக்கின்றன. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. கேமரா 20 மீட்டர் தள்ளி நின்றிருந்தால், மிருதங்கத்தின் ஓசை அதன் மைக்கை அடையச் சுமார் 58 மில்லி நொடி ஆகும். கை விழும் காட்சியோ உடனே பதிவாகிவிடும். ஆகவே மென்பொருள் தாமதமான ஒலியோடு துல்லியமாகப் பொருத்திவிட்டது. காட்சியோடு பொருந்த, ஒலியை இன்னும் ஏறத்தாழ ஒன்றரை பிரேம் முன்னால் நகர்த்த வேண்டும். அரங்கின் ஒலிபெருக்கி ஏதேனும் கேமராவுக்கு அருகில் இருந்திருந்தால் இந்தக் கணக்கு குறையும் என்பதால், கடைசி முடிவைக் கை விழும் பிரேமைப் பார்த்தே எடுங்கள்.

அரை பிரேம் நகர்த்துவதற்கும் வழி உண்டு. பிரீமியரில் டைம்லைனை ஒலி அலகுகளுக்கு மாற்றிக்கொண்டால் ஒலியை மாதிரி மாதிரியாக நகர்த்தலாம். 48,000 மாதிரிப் பதிவில், 25-இல் ஒரு பங்கு நொடியான ஒரு பிரேமுக்குள் 1,920 மாதிரிகள் அடங்குகின்றன. ஃபைனல் கட் புரோவில் ஒரு பிரேம் 80 துணைப் பிரேம்களாகப் பிரிகிறது.

முன்னால் நகர்த்தும்போது எல்லை தாண்டிவிடக் கூடாது. உலகில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது என்பதால், பிந்தி வரும் ஒலியை மனம் பொறுத்துக்கொள்கிறது, முந்தி வருவதைப் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையும், ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே கண்டுபிடிக்கப்படும் என்றும், பிந்தினால் 125 மில்லி நொடி வரை பொதுவாகத் தெரியாது என்றும் சொல்கிறது. ஐயம் வந்தால் ஒலியைச் சற்றுப் பின்னாலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: குறும்படப் படப்பிடிப்பில் ஒரு ஷாட்டுக்குக் கிளாப் அடிக்க மறந்துவிட்டோம், கேமராவின் மைக்கும் அணைந்திருந்தது. இனி ஒலியைப் பொருத்த வழி உண்டா?
– மாணவர், சேலம்

பதில்: உண்டு. இரு உதடுகளும் மூடித் திறக்கும் ப, ம எழுத்துகளைத் தேடுங்கள். அதிலும் ‘அப்பா’, ‘எப்ப’ போல ஒற்று இரட்டிக்கும் சொல் கிடைத்தால் அதுவே கிளாப். உதடு ஒட்டியிருக்கும் வரை அலைவடிவம் ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கும். உதடு பிரியும் பிரேமில் கூரிய முனை ஒன்று எழும். அந்த முனையையும் அந்தப் பிரேமையும் ஒன்றாக வைத்துவிட்டு, ஷாட்டின் கடைசிப் பகுதியில் இன்னொரு சொல்லைக் கொண்டு சரிபாருங்கள். கதவு சாத்துவது, மேசையில் டம்ளர் வைப்பது போன்ற செயல்களும் உதவும். இனி எந்த ஷாட்டிலும், எவ்வளவு மோசமான மைக்காக இருந்தாலும், கேமராவின் ஒலியை அணைக்காதீர்கள்; தானாகப் பொருத்தும் வசதிகளுக்கு அந்த ஒலி வேண்டும்.

கேள்வி: பொருத்தி முடித்த படம் எடிட்டிங் செய்யும்போது பிசகித் தெரிகிறது, ஏற்றுமதி செய்து தொலைக்காட்சியில் பார்த்தால் சரியாக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், கோவை

பதில்: புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். புளூடூத்தில் ஒலி வந்து சேர நூறு மில்லி நொடிக்கும் மேல் தாமதமாகலாம். அதை எல்லா மென்பொருளும் ஈடுசெய்வதில்லை. ஒயர் உள்ள ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள். அதுவரை டைம்லைனில் எதையும் நகர்த்த வேண்டாம்.